ஓய்வு யாருக்காக?

செட்டியார்பட்டி, தளவாய்புரம் தெருக்களில் நடந்தால் தையல் இயந்திரத்தின் ஓசை நம் கூடவே வரும். நைட்டி, உள்பாவாடை தைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். பக்கத்து இராஜபாளையத்தில் 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். அக்காலம் முதல், ஷிப்டுக்கு ஓடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. இத்தகைய உழைப்பாளர்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று கற்றுத்தர ஒரு தனி இயலே வளர்ந்திருக்கிறது. அது வளர்ந்த வழியைச் சற்றே சிந்திப்போம்.

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர், ஸ்டாப் வாட்ச் வைத்து உழைப்பாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்தவர். 1911-இல் அவர் எழுதிய நூல் இந்த இயலுக்கு அடித்தளமானது. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்பு சுமந்த ஆளை 47 டன் சுமக்க வைத்ததாக அதில் கூறுகிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலியோ இரண்டு மடங்குகூட ஆகவில்லை! எப்போது சுமப்பது, எப்போது உட்காருவது என்பதையும் மேற்பார்வையாளரே சொல்வார். சிந்திப்பது மேலாளர் வேலை, செய்வது தொழிலாளி வேலை என்பதே அவர் பாடம்.

அதே காலத்தில் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளுள் ஒன்று, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதற்குத் துணை நின்றார். நின்று சாப்பிடக்கூட நேரமில்லாதவர்கள் கூடிக் குரல் எழுப்பினார்கள்.

1923-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு நூற்பாலை, எல்ட்டன் மேயோ என்ற அறிஞரை அழைத்தது. அதன் நூற்புப் பிரிவில் 40 பேரை வைத்திருக்க ஆண்டுக்குச் சுமார் 100 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் நடந்து கால் நொந்தவர்கள் வேலையை விட்டு ஓடினார்கள். மேயோ பத்துப் பத்து நிமிட ஓய்வுகளை ஏற்படுத்தினார். உற்பத்தி உயர்ந்தது, ஆட்களும் நிலைத்தார்கள். ஆனால் அவசர ஆர்டர் வந்ததும் மேற்பார்வையாளர்கள் ஓய்வை நிறுத்திவிட்டார்கள். உடனே உற்பத்தி சரிந்தது. பின்னர் ஓய்வு திரும்பியது. யார் எப்போது ஓய்வெடுப்பது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடிவு செய்தார்கள். தொழிலாளியின் மனமும் அவன் கூட்டுறவும் முக்கியம் என்ற 'மனித உறவுகள்' கோட்பாடு, இதன் தொடர்ச்சியாகவும் ஹாத்தார்ன் ஆலை ஆய்வுகளாலும் (1924–1932) வளர்ந்தது. 1960-இல் டக்ளஸ் மெக்கிரிகர் மேலாளர்களுக்கு ஒரு கேள்வியை வைத்தார்: தொழிலாளி சோம்பேறி என்று நம்புகிறீர்களா, பொறுப்பேற்க விரும்புகிறவர் என்று நம்புகிறீர்களா?

இது நல்ல வளர்ச்சியே. ஆனாலும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். உற்பத்திக்காகக் கொடுக்கும் ஓய்வை, உற்பத்திக்காகவே பறித்துவிடவும் முடியும். ஃபிலடெல்ஃபியாவில் அதுதான் நடந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் வேறு வழி காட்டியது: ஓய்வு, உழைக்கும் மனிதருக்கு உரியது. அவர் எவ்வளவு தயாரித்தார் என்பதைப் பொறுத்ததன்று.

நம் மாநிலத்துக் கடைகளில் பணியாளர் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழவே திரும்பப் பெறப்பட்டது. நூறாண்டுப் பாடம் இன்னும் முடியவில்லை.

நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும், நம் பட்டறையில் பீஸ் கணக்கில் தைக்கும் தங்கையும் உட்காரும்போது நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோமா, அவர்கள் முகத்தைப் பார்க்கிறோமா? சிந்திப்போம்.