கழல மறுக்கும் நட்டு

ஒருவர் சற்று விசித்திரமாக நடந்துகொண்டால், "நட்டு கழண்டுவிட்டது" என்று கேலி செய்வது நம் வழக்கம். மோட்டார் சைக்கிளின் எக்சோஸ் நட்டுக்கு மட்டும் இந்தக் கேலி பொருந்தாது. கழல வேண்டிய நேரத்திலும் அது கழலாது. விடுதியில் கப்சாய் வைத்திருக்கும் நண்பர்கள் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. அது ஏன் இறுகிக்கொள்கிறது, எப்படிக் கழற்றுவது என்று பார்ப்போம்.

எக்சோஸ் குழாய் எஞ்சினின் ஹெட்டோடு பெரும்பாலும் இரண்டு நட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதில் முடுக்கப்பட்டிருக்கும் தலையில்லாத திருகாணியை ஸ்டட் என்பார்கள். ஸ்டட்டும் நட்டும் எஃகு. இடைநிலைப்பள்ளியில் 'நட்', 'ஸ்க்ரு' என்று மலாயில் கற்ற நமக்கு, அவற்றின் சுழல் வரிக்குத் தமிழில் 'மரை' என்ற சொல் இருப்பது மறந்திருக்கலாம். சிக்கல் அந்த மரையில்தான். எஞ்சின் சூடும், முன்சக்கரம் வாரியிறைக்கும் மழைநீரும் சேர்ந்து அங்கே துருவை உண்டாக்குகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட இருமடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். மரைக்குள் ஆப்பு அடித்ததுபோல் ஆகிவிடுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். நட்டு மிக மலிவு. ஸ்டட்டும் அப்படித்தான். ஹெட் பழுதானால் ஒரு மாணவரின் மாதச் சாப்பாட்டுப் பணமே போய்விடும். ஆகவே நட்டை இழக்கலாம், ஸ்டட்டையும் இழக்கலாம், ஹெட்டை மட்டும் இழக்கக் கூடாது.

முதல் நாள் இரவே, எஞ்சின் ஆறியபின், கம்பித் தூரிகையால் நட்டைத் தேய்த்துவிட்டு எண்ணெய் தெளியுங்கள். நாம் எல்லாரும் தேடும் டபிள்யூடி-40, 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நீரை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது; நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்தப் பெயர். துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி எண்ணெய்கள் உண்டு. கிடைத்தால் அவையே மேல்.

மறுநாள் ஆறுமுனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மட்டும் பிடிப்பதால் அவற்றை எளிதில் மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு, பிறகு கழற்றும் பக்கம் இம்மியளவு என்று மாறி மாறி அசையுங்கள். இடையிடையே நட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரே மூச்சில் நீளக் குழாய் மாட்டி இழுத்தால் ஸ்டட் முறியும்.

நெருப்பால் நட்டைச் சூடேற்றினால் அது ஸ்டட்டை முந்தி விரிந்து இளகும். ஆனால் கப்சாயில் பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும் அருகிலேயே உள்ளன. தெளித்த எண்ணெயும் தீப்பற்றும். அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

மூலைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தால்? 10 மில்லிமீட்டர் நட்டின்மேல் 3/8 அங்குல சாக்கெட்டை அளவாகத் தட்டி ஏற்றலாம். அதன் அளவு சுமார் 9.5 மில்லிமீட்டர் என்பதால் இறுகப் பிடிக்கும். அல்லது எதிரெதிரே இரு பக்கங்களை அரத்தால் தட்டையாக்கி வைஸ் கிரிப்பால் பிடிக்கலாம். அதுவும் முடியாவிட்டால், ஸ்டட்டின் மரையைத் தொடாமல் நட்டின் பக்கவாட்டை ரம்பத்தால் அறுத்துப் பிளந்துவிடலாம்.

ஸ்டட் முறிந்து நுனி நீட்டிக்கொண்டிருந்தால், பட்டறையில் அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகி எடுப்பார்கள். பற்றவைக்கும் சூடே துருவின் பிடியைத் தளர்த்தும். ஹெட்டோடு ஒட்டி முறிந்திருந்தால் நீங்களே துளையிட முயலாதீர்கள். துளைக்கும் முனை எஃகைவிட்டு மென்மையான அலுமினியத்துக்குள் விலகி ஓடும். நாம் காப்பாற்ற நினைத்த ஹெட் அங்கேதான் கெடும்.

திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கெட் வையுங்கள். மரையில் செம்புத் துகள் கலந்த கிரீஸ் தடவுங்கள். பித்தளை நட்டு கிடைத்தால் போடுங்கள், அது துருப்பிடிக்காது. இரண்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். இந்தச் சிறு வேலையைச் செய்துவிட்டால், அடுத்த முறை கழற்றுபவர், அது நீங்களோ அந்த மோட்டாரை வாங்கப்போகும் ஜூனியரோ, ஸ்பானரை எடுத்த ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்.