தெமாசெக் பச்சை மர நத்தை
ஆம்பிட்ரோமஸ் அட்ரிகலோசஸ் தெமாசெக்

சிங்கப்பூருக்கே உரிய நத்தை இது. 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றின் காடும், அதையடுத்த மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியும் இதன் முக்கிய வாழிடங்கள். வாழ்வது மரத்தில்; மஞ்சளும் பச்சையும் கலந்த பளபளப்பான ஓடு இலைகளுக்கிடையே எளிதில் கண்ணில் படாது. முதிர்ந்த காடு குறையக் குறைய இதன் இடமும் சுருங்கியது.

முன்பு இது மலேசியாவின் பேராக் பெயரைக் கொண்ட துணையினமாகவே கருதப்பட்டது. 2011-இல் தனித் துணையினமாக விவரிக்கப்பட்டு, சிங்கப்பூரின் பழம்பெயரான தெமாசெக்கைப் பெற்றது.

மழை ஓய்ந்ததும் நகரத் தோட்டங்களில் ஊரும் பெரிய பழுப்பு நத்தை வேறு. அது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டது; இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை.

மர நத்தையைக் கண்டால் தொடாதீர்கள். உதிர்ந்து கிடக்கும் வெற்று ஓட்டையும் எடுத்துச் செல்லாதீர்கள்.