ரப்பர் புஷ்ஷா, பாலியூரிதேன் புஷ்ஷா?

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த மறுவாரம் என் அக்கா மகன் ஓர் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பட்சணம் என்று நினைத்து என் மனைவி கை நீட்டினாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே நீல நிறத்தில் வழவழவென்று வளையங்கள். "குழந்தைகள் விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டாள். "இல்லை மாமி, காருக்கு புஷ். பாலியூரிதேன். இங்கிலாந்திலிருந்து வரவழைச்சேன்" என்றான் பெருமையாக.

கார் என்றால் சாதாரணக் கார் அல்ல. எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். மேற்கூரையை மடித்துவிடலாம். ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை லட்சக்கணக்கில் செய்து உலகமெங்கும் விற்றார்கள். அத்தான் 1985-ல் ஒரு தூதரகத்துக்காரரிடமிருந்து கைமாறி வந்த வண்டியை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை ஏற்றிக்கொண்டு செம்பூரிலிருந்து லோனாவ்லா வரை போய் வருவார். 2019-ல் அவர் காலமான பிறகு வண்டி கட்டடத்தின் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. "அவர் வண்டியில ஒரு தடவை போகணும்டா" என்று அக்கா சொன்னதால்தான் பையன் அதைக் கையில் எடுத்தான்.

எஞ்சின் எளிதில் கிளம்பிவிட்டது. ஆனால் பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. மேடுபள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்றது. கீழே படுத்து, லோயர் ஆர்முக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே நெம்புகோல் கொடுத்து அசைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் ஆடியது. ரப்பர் பாளம் பாளமாக வெடித்து, பழைய செருப்பு அடி போல இருந்தது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து செய்த வேலை.

புஷ் என்பது என்ன என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் ஆட வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் நகரக்கூடாது. அந்தக் கை வண்டியோடு சேரும் மூட்டில் இருக்கும் குழல்தான் புஷ். நம் முழங்கால் மூட்டுக்கு நடுவே உள்ள ஜவ்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்தால் நமக்கு என்ன ஆகும் என்று இந்தப் பத்திரிகையின் மூத்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை!

ரப்பரும் பாலியூரிதேனும் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்கின்றன. பலர் இதைக் கடினம், மிருது என்ற ஒரே கணக்கில் பார்க்கிறார்கள். கடினமும் உண்டுதான். ஷோர் ஏ என்ற அளவுகோலில் ரப்பர் புஷ் பொதுவாக 50-லிருந்து 70 வரை. பாலியூரிதேன் 80, 90 என்று போகும். நிறத்தை வைத்துக் கடினத்தைக் கணிக்க முடியாது. ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு நிறம். ஆனால் முக்கியமான வித்தியாசம் வேறு.

இரும்புக் குழலோடு ஒட்டி வார்த்த ரப்பர் புஷ்ஷில் எதுவுமே வழுக்கிச் சுழல்வதில்லை. உள்குழல் இறுகி நிற்கும், வெளிக்குழல் கையோடு போகும், நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக் கொடுக்கும். துணியைப் பிழிவதுபோல. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். முறுக்கு மட்டுமல்ல, கை சற்றுச் சாய்ந்தாலும் இடம் கொடுக்கும். போதாததற்கு அதிர்வின் ஒரு பகுதியைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். பாலியூரிதேன் புஷ் அப்படியல்ல. அது உள்குழலின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. ஒரே அச்சில் சுழலும் இடத்தில் அருமையாக உழைக்கும். கையைத் துல்லியமாக ஓரிடத்தில் பிடித்து வைக்கும். எண்ணெய் பட்டால் ரப்பர் போல ஊதிப்போகாது. ஆனால் கோணலாகச் சாயச் சொன்னால் முரண்டு பிடிக்கும். கிரீஸ் வற்றினால் கிரீச்சிடும்.

மாதுங்கா பணிமனையில் ஐ.சி.எஃப். பெட்டிகளோடு காலம் கழித்தவன் நான். அந்தப் பெட்டிகளின் தயாரிப்பு 2018-ல் நின்றுவிட்டது. ஆனால் அவற்றில் இரண்டு பாடமும் உண்டு. பெட்டியின் நடுக்கம்பி போகியில் இறங்கும் இடத்தில் 'சைலன்ட் பிளாக்' என்ற ரப்பர் புஷ். இழுவிசையும் பிரேக் விசையும் அதன் வழியே போக வேண்டும், அதிர்வு மட்டும் போகக்கூடாது. ஆனால் பிரேக் கியர் ஊசிகளில் இரும்பு புஷ் தேய்ந்து துளை முட்டை வடிவமாகிறது என்று நைலான் புஷ் போட்டோம். அங்கே தேவை சுழற்சி, மென்மை அல்ல. எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

இதைப் பையனிடம் சொன்னேன். "மாமா, நீங்க எல்லாத்தையும் ரயில் பெட்டியாவே பாக்கறீங்க. இது ஸ்போர்ட்ஸ் கார்" என்றான். பெட்டியில் இருந்த அத்தனையையும் முன்னும் பின்னும் போட்டுவிட்டான். ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஸ்டியரிங் கத்தி போல இருந்தது. பிரேக் போட்டால் நேர்கோடு. பையன் முகத்தில் ஜெயித்த சிரிப்பு.

தை மாதம் அக்காவை ஏற்றிக்கொண்டு புனேக்குப் போனான். எக்ஸ்பிரஸ்வேயின் கான்கிரீட் பாளங்களுக்கு நடுவே இணைப்புகள் வரும் அல்லவா, ஒவ்வொன்றும் இடுப்பில் தட்டியதாம். அக்காவுக்கு ஏற்கெனவே முதுகுத்தண்டு தொந்தரவு. திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிட்டாள். "அவர் ஓட்டும்போது இப்படி இல்லையே" என்று மட்டும் சொன்னாள். அன்று பையன் சாப்பிடவில்லை.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து இடம் இடமாக யோசித்தோம். எம்.ஜி.பி.யின் முன்பக்கத்தில் மேல் விஷ்போன் தனியாகக் கிடையாது. லீவர் ஷாக் அப்சார்பரின் கையே மேல் கை. கீழே ஒவ்வொரு பக்கமும் இரண்டு லோயர் ஆர்ம்கள் ஒரே தண்டின் மேல் சுழல்கின்றன. ஒரே அச்சு, எனவே பாலியூரிதேனுக்குப் பொருத்தமான இடம். ஆன்டி-ரோல் பார் பிடிப்புகளும் அப்படியே. பின்பக்கம் கதை வேறு. அங்கே உருட்டுக்கட்டை போன்ற ஆக்ஸில், அதைத் தாங்க கமான் பட்டை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் பட்டையே முறுகும். அதன் கண்ணிலுள்ள புஷ் எல்லாத் திசையிலும் இடம் கொடுத்தாக வேண்டும். அங்கே கடினமான வளையத்தைப் போட்டால் அடி நேரே பாடிக்குப் போகும். இந்தக் காருக்குத் தனி சாஸி கிடையாது, பாடிதான் சாஸி. அறுபது வருட மும்பைத் துரு பிடித்த தகடு எத்தனை அடி தாங்கும்? பின்பக்கம் ரப்பர்தான் என்று முடிவாயிற்று.

முன்பக்கத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 மாடலில் இரும்புக் குழலோடு ஒட்டிய ஒற்றை ரப்பர் புஷ் வைத்தார்கள். சாதாரண எம்.ஜி.பி.யின் இரண்டு அரைப் புஷ்களுக்குப் பதில் அது அப்படியே பொருந்தும். பழைய ரப்பரைவிட உறுதி, பாலியூரிதேனைவிடச் சாந்தம். என் ஓட்டு அதற்குத்தான். வண்டி அவனுடையது, அவன் நீலத்தையே வைத்துக்கொண்டான்.

பின் புஷ்ஷை ஒரு கராஜில் கொடுத்து மாற்றினான். மூன்றே மாதத்தில் புதிய ரப்பர் கிழிந்தது! "பாத்தீங்களா மாமா, ரப்பர் லட்சணம்" என்றான். நான் போய் விசாரித்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுவதும் இறுக்கியிருக்கிறார்கள். தொங்கும் நிலையில் ரப்பரைப் பூட்டிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே அது முறுக்கிய நிலையில் நிற்கும். ஓடும்போது அதற்கு மேலும் முறுக்கினால் ரப்பர் கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டை லேசாகப் பிடித்து, சக்கரத்தின் மேல் வண்டி எடை முழுவதும் உட்கார்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். ஒட்டிய ரப்பர் புஷ் எந்த வண்டியில் இருந்தாலும், உங்கள் வீட்டு மாருதி உட்பட, இது பொருந்தும். மெக்கானிக்கிடம் நின்று கேளுங்கள். பாலியூரிதேன் சுழல்வதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் பெரிய வசதி அது.

மே மாதம் நானே கீழே படுத்து மறுபடி மாட்டினேன். என் மனைவி பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை.

பிறகு மழை வந்தது. ஜூலையில் பையன் போன் செய்தான். முன்பக்கத்திலிருந்து வயதான மாட்டு வண்டி போலச் சத்தம் என்றான். கழற்றிப் பார்த்தால் நீலப் புஷ்ஷில் கிரீஸ் கழுவிப்போய், உள்குழலில் துரு. துருவை எமரி தாளால் தேய்த்து, தயாரிப்பாளர் கொடுத்த சிலிகோன் கிரீஸைத் தடவினோம். கையில் கிடைத்த வீல் பேரிங் கிரீஸ் கூடாது. வாங்கும்போது இன்னொன்றும் கேட்க வேண்டும்: பாலியூரிதேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு. பாலியெஸ்டர் வகையை வெப்பமும் ஈரமும் சேர்ந்து நாளடைவில் சிதைத்துவிடும். மும்பை, கொச்சி, கொல்கத்தா போன்ற ஊர்களுக்குப் பாலியீதர்தான் சரி. நல்லவேளை, பையன் வாங்கியது அதுவே.

அந்த நாளில் கிங் பின்னையும் சோதித்தோம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இன்னும் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது. இத்தனை நாள் பழியெல்லாம் புஷ்ஷின் மேல் போட்டோம். பாதிக் குற்றம் இதனுடையதாக இருந்திருக்கலாம். புஷ் வாங்குமுன் கிங் பின், சக்கர பேரிங் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். எனக்கே அது தோன்றாமல் போனது வெட்கம்தான்.

ஆவணி முதல் ஞாயிறு அக்கா மறுபடி ஏறினாள். லோனாவ்லா வரை போய், சிக்கி வாங்கிக்கொண்டு, அதே காரில் திரும்பி வந்தாள். இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சத்தம் மட்டும் அவர் காலத்துச் சத்தம் இல்லை" என்றாள். கிங் பின் செட் வந்து என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தீபாவளிக்கு முன் மாட்டிவிட வேண்டும்.