சுகர்னோவின் போர் முழக்கம்

மலாய் மொழியிலும் இந்தோனீசிய மொழியிலும் 'கன்யாங்' என்றொரு சொல் உண்டு. ஒன்றைப் பச்சையாகவே மென்று தின்பது என்பது அதன் பொருள். சினம் மிகுந்த வேளையில், 'உன்னைப் பச்சையாய்த் தின்றுவிடுவேன்' என்று நம் வீட்டுப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை மிரட்டுவதில்லையா? ஏறக்குறைய அதே தொனிதான். ஆனால் பாட்டி சொன்னால் பிள்ளை சிரிக்கும். பாட்டியின் மனம் பிள்ளைக்குத் தெரியும். பத்துக் கோடி மக்களின் தலைவராகவும் முப்படைகளின் உச்சத் தளபதியாகவும் இருந்த ஒருவர் அண்டை நாட்டை நோக்கி அதே சொல்லைச் சொன்னபோது எவராலும் சிரிக்க முடியவில்லை. 1963 செப்டம்பரில் இந்தோனீசிய அதிபர் சுகர்னோ 'கன்யாங் மலேசியா' என்று முழங்கினார். ஆங்கிலப் பத்திரிகைகள் அதனை 'நசுக்கு' என்று மொழிபெயர்த்து உலகெங்கும் பரப்பின. மூன்று ஆண்டுகள் இந்த வட்டாரத்தை அச்சுறுத்திய போராட்டத்தின் பெயராகவே அச்சொல் நிலைத்தது.

போராட்டத்திற்கு அரசு இட்ட பெயர் 'கொன்ப்ரொந்தாசி'. 1963 ஜனவரி 20-ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ அதனை அறிவித்தார். எதிர்த்து நிற்றல் என்பதற்கு மேல் அதில் திட்டவட்டமான பொருள் எதுவும் இல்லை. போரா என்றால் போர் அன்று. முறைப்படி போர் அறிவிக்கப்படவே இல்லை. அமைதியா என்றால் அமைதியும் அன்று. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாளிலேயே சரவாக்கின் தெபெடு காவல் நிலையம் தாக்கப்பட்டது. எல்லைக் கோடு எங்கே என்று சொல்லாமல் விட்டுவிட்டால், பேசுகிறவருக்கு வசதிதான். எதிராளிக்கோ எது கோடு என்று தெரியாது. பின்னால் வந்த ஆபத்துக்கெல்லாம் இந்தத் தெளிவின்மையே வித்து எனலாம்.

சுகர்னோ அறிவிலி அல்லர். பாண்டுங் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற பொறியாளர்; பல மொழிகள் அறிந்தவர்; டச்சுக்காரரின் சிறையையும் நாடுகடத்தலையும் கண்டவர்; 1955-இல் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளைப் பாண்டுங்கில் ஒன்று கூட்டியவர். மக்களின் நாவே தாம் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. திடலில் நின்று அவர் பேசினால் இலட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் அசையாமல் கேட்பார்கள். அத்தகையவர் ஏன் இவ்வளவு தூரம் போனார்? ஒருமுறை இதே வழியில் அவர் வெற்றி பெற்றிருந்ததே காரணம்.

மேற்கு இரியானை டச்சுக்காரர் விட்டுத்தர மறுத்தபோது, 1961 டிசம்பர் 19-ஆம் நாள் யோக்யகார்த்தாவில் 'மக்களின் முக்கட்டளை' என்று ஒரு முழக்கத்தை அவர் எழுப்பினார். படைகளை நகர்த்தினார்; சோவியத் நாட்டிலிருந்து போர்க்கப்பல்களையும் குண்டு வீச்சு விமானங்களையும் வாங்கிக் குவித்தார். பெரும் போர் மூளுமோ என்று அஞ்சிய அமெரிக்கா டச்சுக்காரரை வற்புறுத்தியது. 1962 ஆகஸ்டு 15-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1963 மே முதல் நாள் அந்நிலம் இந்தோனீசியாவின் கைக்கு வந்தது. உரக்கப் பேசி, சிறிது சண்டையிட்டு, பெரிய நாடுகளை அச்சுறுத்திப் பேச்சு மேசைக்கு இழுப்பது என்ற பாடத்தை அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டார். வெற்றி கற்பிக்கும் பாடம் சில வேளைகளில் தோல்வி கற்பிப்பதைவிடக் கெட்டது. மேற்கு இரியானைக் கைவிட டச்சுக்காரர் கடல் கடந்து தாயகம் திரும்பினால் போதும். மலேசியாவோ தனக்கென அரசும் மக்களும் உடைய நாடு; அது எங்கே திரும்பிப் போகும்?

நியாயத்தை மறைக்காமல் சொன்னால், மறுபக்கத்திலும் அவசரம் இருந்தது. மணிலாவில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடி, வட போர்னியோ, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாட்டுச் சபை அறிந்து சொல்லட்டும் என ஒப்புக்கொண்டிருந்தனர். அக்குழு பணியை முடிக்குமுன்பே, ஆகஸ்டு 29-ஆம் நாள், மலேசியா செப்டம்பர் 16-இல் பிறக்கும் என்று கோலாலம்பூர் அறிவித்துவிட்டது. குழுவின் அறிக்கை மலேசியாவுக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அது வந்தது செப்டம்பர் 14-இல். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது என்று சுகர்னோ குமுறுவதற்கு அது போதுமானதாயிற்று. செப்டம்பர் 16-இல் ஜகார்த்தாவில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தின்மீது கூட்டம் கல்லெறிந்தபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஒருவர் ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியத்தை ஊதிக்கொண்டு முற்றத்தில் நடைபோட்டார். வீரமா, வீம்பா என்பது அவரவர் கருத்து. இரண்டு நாள் கழித்துத் தூதரகம் தீக்கிரையாயிற்று.

இனித்தான் முழக்கம் முழங்கியவரையே கட்டத் தொடங்கியது. அந்நாளில் இந்தோனீசியாவில் இரண்டு பெரிய சக்திகள் இருந்தன: ஒன்று தரைப்படை, மற்றொன்று, சோவியத் நாடும் சீனமும் நீங்கலாக உலகிலேயே மிகப் பெரிதான கம்யூனிஸ்டுக் கட்சி. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் சுகர்னோ. வெளிப்பகைவன் ஒருவன் இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்கும். ஆகவே முழக்கத்தைத் தணித்தால் கட்சி சீறும். உயர்த்தினால் படை செலவுக்குக் கேட்கும். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் சற்று உரக்கப் பேசியாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. 1964 மே 3-ஆம் நாள் 'மக்களின் இருகட்டளை' பிறந்தது. மலேசியாவைக் கலைக்கும் போராட்டத்திற்குத் துணைபோகுமாறு, பெயர் பதிந்துகொண்ட 2 கோடியே 10 இலட்சம் தொண்டர்களுக்கு அவர் ஆணையிட்டார். பத்துக் கோடி மக்கள் உள்ள நாட்டில் இது ஐவரில் ஒருவர். கைக்குழந்தையையும் கிழவரையும் கழித்தால் இன்னும் மிகுதி. மூன்றாம் வகுப்பு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. ஆனால் திடலில் நின்ற கூட்டத்தில் எவரும் கணக்குப் போடவில்லை.

1964 ஆகஸ்டு 17-ஆம் நாள், நாட்டின் சுதந்தர நாளன்று, வரும் ஆண்டுக்கு 'ஆபத்தோடு வாழும் ஆண்டு' என்று பெயரிட்டு அவர் பேசினார். இத்தாலிய மொழியில் அமைந்த அத்தொடர் முசோலினி காலத்தை நினைவூட்டுவது. அதே நாளில் ஏறத்தாழ நூறு பேர் கடல் கடந்து வந்து ஜொகூரின் பொந்தியான் கடற்கரையில் மூன்று இடங்களில் இறங்கினர். அதுவரை போர்னியோக் காட்டு எல்லையோடு நின்றிருந்த சண்டை, அன்று மலாயா மண்ணைத் தொட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே பிடிபட்டனர். மக்கள் தங்களை வரவேற்று உடன் கிளம்புவார்கள் என்ற எண்ணத்தோடு அவர்கள் வந்திருந்தனர். மலாயா மக்கள் அடிமைத்தளையில் புலம்புகிறார்கள் என்று ஓராண்டாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தால், படைவீரன் நம்பாமல் என்ன செய்வான்? எதிரியை ஏமாற்றச் சொன்ன சொல் சொந்தப் பிள்ளைகளையே ஏமாற்றியது.

செப்டம்பர் 2-ஆம் நாள் இரவில் இரண்டு விமானங்களிலிருந்து 96 வான்குடை வீரர்கள் லாபிஸ் வட்டாரத்தில் குதித்தனர். இடியும் மழையுமான இரவு. இரப்பர்த் தோட்டங்களும் காடுகளும் சூழ்ந்த இடம். அவர்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போயினர். கூர்க்காப் படையினரும் நியூசிலாந்துப் படையினரும் தேடுதல் நடத்தினர். சில வாரங்களில் ஏறத்தாழ எல்லோரும் கொல்லப்பட்டோ பிடிபட்டோ போயினர். போர்க்கலை நோக்கில் இது வெறும் விபரீத விளையாட்டு. ஆயினும் அதன் விளைவு விளையாட்டாக இல்லை. மலேசியா அவசர காலத்தை அறிவித்தது. சிங்கப்பூரில் ஜூலையில் மூண்டு அடங்கிய இனக்கலவரம் அதே வாரத்தில் மீண்டும் வெடித்தது. இலண்டனில், சுமாத்திராவிலிருந்த இந்தோனீசியத் தளங்களைத் தாக்கும் திட்டங்கள் மேசைக்கு வந்தன. இவை பின்னாளில் வெளியான ஆவணங்களிலிருந்து தெரிய வருபவை.

அந்த இரண்டு வாரங்களை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தோனீசியாவிடம் சிங்கப்பூர் வரை பறந்து குண்டு வீசக்கூடிய சோவியத் விமானங்கள் இருந்தன. பிரிட்டனின் கனரகக் குண்டு வீச்சு விமானங்கள் தெங்காவிலும் பட்டர்வொர்த்திலும் வந்து நின்றன. இவை தரையில் நிற்கும்போதே அழிக்கப்படலாம் என்று பிரிட்டன் அஞ்சினால், முந்திக்கொண்டு அடிக்கத்தான் தோன்றும். பிரிட்டன் முந்தும் என்று ஜகார்த்தா அஞ்சினால் அங்கும் அதே எண்ணம். சுகர்னோ சொல்வதெல்லாம் திடல் பேச்சு, செய்யமாட்டார் என்று ஆகஸ்டு 16-ஆம் நாள் வரை சொல்ல முடிந்தது. பொந்தியானுக்கும் லாபிசுக்கும் பின் அப்படிச் சொல்ல எந்தத் தளபதிக்கும் துணிவு வராது. பேச்சுக்கும் செயலுக்கும் நடுவே இருந்த இடைவெளியே அதுவரை எல்லோரையும் காத்து வந்தது. அதை அவரே அழித்துவிட்டார்.

அவ்வேளையில் ஒரு கப்பல் வந்து இடையில் அகப்பட்டது. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்டோரியஸ்', ஆகஸ்டு 27-ஆம் நாள் இரண்டு நாசகாரிக் கப்பல்களுடன் ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையேயுள்ள சுந்தா நீரிணையைக் கடந்து ஆஸ்திரேலியா சென்றது. அதே வழியில் திரும்பி வரும் என்பது ஏற்பாடு. லாபிசுக்குப் பின் அந்தத் திரும்புகைப் பயணம் மானப் பிரச்சினை ஆயிற்று. வந்தால் ஜகார்த்தா சும்மா இருக்க முடியாது. வராவிட்டால் பிரிட்டன் பின்வாங்கியதாக ஆகும். சுந்தாவில் கடற்படைப் பயிற்சி நடப்பதாக ஒரு காரணம் சொல்லப்பட்டது. கிழக்கே லொம்போக் நீரிணை வழியாகப் போகலாமே என்று ஒரு வாசலும் காட்டப்பட்டது. பிரிட்டன் அதை ஏற்றது. செப்டம்பர் 12-ஆம் நாள் கப்பல்கள் லொம்போக் வழியே அமைதியாகக் கடந்து போயின. இரு தரப்பும் தாம் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. திடலில் எவரும் அதைப் பற்றி முழங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் பாதுகாப்பு மன்றம் கூடி, 9 வாக்குக்கு 2 என்ற கணக்கில் வந்த தீர்மானத்தைச் சோவியத் நாடு செப்டம்பர் 17-இல் தனது தடை வாக்கால் வீழ்த்தியது. லொம்போக் சாதித்ததில் கால்பங்கும் அங்கே நடக்கவில்லை.

போர்னியோக் காட்டிலும் இதே மௌனம் வேலை செய்தது. எல்லை தாண்டி வந்து தாக்குவோரை, எல்லைக்கு அப்பாலே சென்று மடக்கப் பிரிட்டிஷ் அரசு தன் படைகளுக்கு இரகசிய அனுமதி தந்தது. 1965-இல் பத்தாயிரம் கெஜம் வரை செல்லலாம் என்று அது விரிந்தது. கூர்க்கர், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் எல்லோரும் சென்றனர். ஆனால் ஒரு சொல் வெளியே வரக்கூடாது. இறந்த தோழனின் உடலைக்கூட அங்கே விட்டுவரக்கூடாது. 1974 வரை பிரிட்டன் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அடி வாங்கிய இந்தோனீசியப் படையும் அதை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகர்னோ பதிலடி கொடுத்தே தீரவேண்டியிருக்கும். மறைத்த போர் நேர்மையானது என்று யாரும் சொல்லமாட்டார். ஜனநாயக நாடு தன் மக்களிடமே மறைத்தது என்ற குறையும் உண்டு. ஆயினும் பறை அறைந்து அதே செயலைச் செய்திருந்தால், சண்டை காட்டு எல்லையில் நின்றிருக்காது.

ஜகார்த்தாவின் குரலோ மேலும் உயர்ந்தது. மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் இடம் பெற்றதும், 1965 ஜனவரியில் இந்தோனீசியா ஐக்கிய நாட்டுச் சபையை விட்டே வெளியேறியது. அவ்வாண்டு ஜூலையில் தன் நாடு அணுகுண்டு செய்யும் என்றார் சுகர்னோ. அங்கே இருந்ததோ பாண்டுங்கில் ஒரு சிறிய ஆராய்ச்சி உலை. இதற்கிடையே மார்ச் 10-ஆம் நாள் சிங்கப்பூர் ஆர்ச்சர்டு சாலையில் மெக்டொனால்டு மாளிகையில் வெடித்த குண்டு மூவரைக் கொன்றது. முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்கள் வேலைக்குப் போன, வீதியில் நடந்த சாதாரண மக்கள்.

சொந்த மக்கள் கொடுத்த விலை இதனினும் பெரிது. சுமாத்திராவின் இரப்பரும் பிற விளைபொருள்களும் சிங்கப்பூர் வழியாகவே உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1963 செப்டம்பர் 21-இல் அந்த வாணிகத்தை ஒரே ஆணையால் அறுத்தார்கள். தூதரகம் எரிந்தபின் வெளிநாட்டு உதவியும் நின்றது. அமெரிக்க உதவியை நரகத்துக்குப் போகச் சொன்னார் அதிபர். 1965-இல் விலைவாசி ஓராண்டில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் ஆயிரம் பழைய ரூப்பியா ஒரு புதிய ரூப்பியா ஆக்கப்பட்டது.

தரைப்படைத் தலைவர்கள் கணக்கறிந்தவர்கள். வாயால் முழக்கத்தை ஆமோதித்துக்கொண்டே, சிறந்த படைப்பிரிவுகளை ஜாவாவிலேயே வைத்துக்கொண்டனர். கோலாலம்பூரோடு மறைவாகத் தொடர்பும் தேடினர். 1965 செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு நடந்த புரட்சி முயற்சியும், அதனை ஒட்டி ஓடிய பேரிரத்தமும் வேறு ஒரு நெடுங்கதை. 1966 மார்ச் 11-இல் அதிகாரம் ஜெனரல் சுகார்த்தோவின் கைக்கு மாறியது. அதுவரை போரில் பொதுநலவாயப் படையினர் 114 பேரும், இந்தோனீசியர் 590 பேரும், பொதுமக்கள் 36 பேரும் உயிரிழந்ததாகக் கணக்கு. மே மாத இறுதியில் பாங்காக்கில் துன் அப்துல் ரசாக்கும் புதிய வெளியுறவு அமைச்சர் ஆதம் மாலிக்கும் கூடிப் பேசினர்.

பெயரளவில் சுகர்னோவே இன்னும் அதிபர். ஜூலை இறுதியில் புதிய அமைச்சரவை பதவியேற்றபோது அவர் எழுந்து, மலேசியாவுக்கு எதிரான போராட்டம் தொடரும் என்று பேசினார். பேச்சு முடிந்தது. அமைச்சர்கள் தத்தம் அலுவலகத்திற்குச் சென்றனர். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்டு 11-ஆம் நாள், அதே ஜகார்த்தாவில் ரசாக்கும் ஆதம் மாலிக்கும் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டனர்.