பிறர் எடுத்த படங்களைத் தேடிச் சென்ற பிரயாணி

நாடு சுற்றி வருவோர் பல திறத்தினர். வாணிகத்தின் பொருட்டுச் செல்வோர் சிலர். கல்வியின் பொருட்டுச் செல்வோர் சிலர். தலங்களைத் தரிசிக்கச் செல்வோர் சிலர். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்டவற்றையெல்லாம் படமாக்கிக் கொணர்ந்து, ஊரில் இருப்போர்க்குக் காட்டி மகிழ்வோரும் உளர். இவர்களுடைய தொழில் எளிதன்று. வெயிலும் பனியும் பொறுத்தல் வேண்டும். ஆயினும் இவர்கள் கொணர்வது தம் கண்ணாற் கண்டதையே. தாம் காணாததையும், தாம் பிறக்கும் முன்னரே நிகழ்ந்ததையும் படமாகக் கொணர வேண்டுமென்று ஒருவர் புறப்படுவாராயின், அவர் எங்குச் செல்வார்? எவரைக் கேட்பார்? அவ்வாறு புறப்பட்ட தமிழர் ஒருவரைப் பற்றியும், அவர் மேற்கொண்ட வேலையின் இயல்பைப் பற்றியும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் ஏ. கே. செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே பர்மா சென்று, இரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ என்னும் பத்திரிகையின் ஆசிரியராய் அமர்ந்தார். பின்னர் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். அங்கிருந்து அமெரிக்கா சென்று நியூயார்க் நகரத்திலும் அக்கலையையே மேலும் கற்றார். தமிழ்நாட்டு இளைஞர் பலர் சட்டமும் மருத்துவமும் கற்க மேனாடு சென்ற காலத்தில், படம் எடுக்கும் தொழிலைக் கற்பதற்காக ஒருவர் கடல் கடந்தது புதுமையே. அவர் எழுதிய பிரயாண நூல்களுள் ஒன்றன் பெயராகிய ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்பதே நாளடைவில் அவருக்குப் பட்டப்பெயருமாயிற்று.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அடிகளின் வாழ்க்கையைக் காட்டும் முழுநீளச் செய்திப்படம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலிலே அவருக்கு உதித்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. கையில் பெரும் பொருளில்லை. பின்னால் பெரிய கம்பெனி எதுவுமில்லை.

இவ்வேலை எத்தகையது என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். அடிகளுக்கு அப்பொழுது அறுபத்தெட்டு வயது நிறைந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையின் பெரும் நிகழ்ச்சிகள் பல முடிந்துபோயின. கோகலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று அடிகளோடு சுற்றுப்பயணம் செய்தது 1912ஆம் ஆண்டில். அப்பொழுது செட்டியார் ஒரு வயதுக் குழந்தை. தண்டி யாத்திரை நடந்தது 1930ஆம் ஆண்டில். அவர் எத்துணைத் திறமையாகக் காமிராவைக் கையாள வல்லவராயினும், சென்றுபோன நாட்களை அதனுள் அடைக்க இயலுமோ? ஆகவே ஒரே வழிதான் இருந்தது. அந்தந்த நாளில் அந்தந்த இடத்தில் நின்று படமெடுத்தவர் யாவர் என்று விசாரித்து, அவர் எடுத்த பிலிம் இன்னும் இருக்கின்றதா என்று தேடிப் பெறுதல்.

அக்காலத்துச் செய்திப்படங்கள் எவ்வாறு வழங்கின என்பதை அறிந்தாலன்றி இத்தேடலின் அருமை விளங்காது. தொலைக்காட்சி தோன்றுமுன் உலகச் செய்திகளை மக்கள் கண்ணாற் கண்டது சினிமாக் கொட்டகையிலேதான். பெரிய கம்பெனிகள் பல நாடுகளிலும் படப்பிடிப்பாளரை அமர்த்தியிருந்தன. அவர்கள் அனுப்பிய சிறு துண்டுகளை ஒட்டி, பத்து நிமிஷம் ஓடும் சுருளாக்கிக் கொட்டகைகளுக்கு அனுப்புவர். ஒரு வாரம் சென்றால் அச்சுருள் பழைய செய்தித்தாளுக்கு ஒப்பாகும். சில கம்பெனிகள் பிரதியைச் சேமித்து வைத்தன. சில, உள்ளிருக்கும் வெள்ளிக்காகப் பழைய பிலிமை உருக்குவோருக்கு விற்றுவிட்டன. இவையன்றித் தனி மனிதர் தம் விருப்பத்துக்கு எடுத்த துண்டுகள் வீட்டுப் பெட்டிகளிலே கிடந்தன.

பிலிமின் இயல்பும் தேடுவோருக்குப் பகையாயிருந்தது. அக்காலத்துக் கொட்டகைப் படச்சுருள் நைட்ரேட் பிலிமால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து ஆக்கும் பொருள் அது. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதனுள்ளேயே அடங்கியிருத்தலால், ஒருமுறை பற்றிக்கொண்டால் நீரில் அமிழ்த்தினாலும் அணைவதில்லை. தீப்பற்றாவிட்டாலும் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் முதலில் பிசுபிசுத்து, பின்னர் ஒன்றோடொன்று ஒட்டி, முடிவில் பழுப்புத் தூளாகிவிடும். செட்டியார் கப்பலேறிய அதே 1937ஆம் ஆண்டின் ஜூலை 9ஆம் நாள், அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் பாக்ஸ் கம்பெனியாரின் பிலிம் கிடங்கு தீப்பற்றியது; அக்கம்பெனியின் ஊமைப் படங்களிற் பெரும்பகுதி ஒரே நாளில் அழிந்தது. நம் நாட்டிலோ வெப்பமும் ஈரமும் என்றும் உள்ளன. தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுமில்லை. ஆதலின் தேடுவோன் தாமதித்த ஒவ்வோராண்டும் இழப்பாகவே முடியும்.

இதனை உணர்ந்தே செட்டியார் விரைந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு படப்பிடிப்பாளர் வரை எடுத்த துண்டுகளைத் திரட்டினார். இந்தியாவெங்கும் சுற்றினார்; ஐரோப்பிய நாடுகளில் அலைந்தார்; தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார்.

தென்னாப்பிரிக்காவின் பெயரைக் கேட்டதும் நெல்லிக்குப்பத்தார்க்கும் கடலூரார்க்கும் சிறிது நெஞ்சம் நெகிழ வேண்டும். 1860ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலொன்று நேட்டாலுக்கு முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அங்குச் சென்றனர். எதற்காக? கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கரும்பைப் பிழிந்துவருகின்றது. கெடிலக்கரையில் கரும்பு வெட்டியவனும் நேட்டாலில் கரும்பு வெட்டியவனும் ஒரு ஜில்லாவில் பிறந்தவர்களாயிருத்தல் கூடும். அம்மக்களின் நடுவிலேதான் காந்தியடிகள் 1893 முதல் 1914 வரை வாழ்ந்து சத்தியாக்கிரகத்தைக் கண்டார். சிதம்பரத்துக்குத் தெற்கேயுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, அப்போரில் சிறை சென்று நோயுற்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள். ஆதலால் செட்டியார் தேடிப்போனது ஒரு தலைவரின் கதையை மட்டுமன்று. பெயர் தெரியாமல் கடல் கடந்து போன நம்மவர் வாழ்ந்த மண்ணின் காட்சியையும் ஆகும்.

திரட்டிய பிலிம் ஐம்பதினாயிரம் அடி. முப்பத்தைந்து மில்லிமீட்டர்ப் பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு படங்கள் உண்டு. பேசும்படம் ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படங்களாக ஓடும். அஃதாவது நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. இக்கணக்கின்படி ஐம்பதினாயிரம் அடியும் ஓடினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனைச் செட்டியார் பன்னீராயிரம் அடியாகச் சுருக்கினார். இரண்டேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. கிடைத்ததில் நான்கில் ஒரு பங்கே எஞ்சியது. இன்னொரு தொல்லையும் இதில் உண்டு. பழைய ஊமைப் படங்களைக் கையாற் சுழற்றி எடுத்தார்கள். விநாடிக்கு ஏறக்குறையப் பதினாறு படங்களே விழும். அவற்றைப் பேசும்படக் கருவியில் ஓட்டினால் நடப்பவர் ஓடுவர். வணங்குபவர் கையை வெட்டி இழுப்பர். பெரியோர் ஒருவரின் நடை நகைப்புக்கு இடமாகாதபடி காத்தல், இத்தகைய படம் தொகுப்பார் அனைவர்க்கும் உள்ள கடமை.

படம் தமிழ் விளக்கவுரையோடு 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. டி. கே. பட்டம்மாளின் குரலும் அதில் ஒலித்தது. தெலுங்கிலும் அது வந்தது. உலகப் போர் மூண்டு, ஆங்கில அரசு கடுமையாக இருந்த காலம் அது. காந்தியடிகளின் படத்தைக் கொட்டகையில் காட்டுவதற்கே துணிவு வேண்டும். 1953இல் அமெரிக்காவில் அதன் ஆங்கிலப் பதிப்பு சுருக்கமாக வெளிவந்தது.

இனி வருவது துயரமான பகுதி. உலகெங்கும் சிதறிக் கிடந்தவற்றை அழிவினின்று மீட்டுத் தொகுத்த அப்படமே பின்னர் நம் கண்ணுக்கு மறைந்தது. பல்லாண்டுகள் அதனைக் கண்டவர் இல்லை. தம் வாழ்நாளில் இவ்வளவு அலைந்தவரின் உழைப்பு, நூல்களில் ஒரு குறிப்பாக மட்டும் நின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி, ஆங்கிலப் பதிப்பின் பிரதி அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இருப்பதைக் கண்டறிந்தார். பிறர் எடுத்ததைத் தேடிப்போனவரின் படத்தை மற்றொருவர் தேடிப்போக நேர்ந்தது.

“பிறர் எடுத்ததை ஒட்டுவது ஒரு கலையா? தாமே எடுத்திருந்தால் அன்றோ பெருமை?” என்று சிலர் வினவக்கூடும். செட்டியாரும் படமெடுக்கக் கற்றவரே; எடுத்தவரே. ஆயினும் தாம் எடுப்பதைக் காட்டிலும் அழியவிருப்பதைச் சேர்ப்பது முன்செய்ய வேண்டிய வேலை என்று அவர் கண்டார். எடுக்கும் வேலையை நாளையும் ஒருவர் செய்யலாம். தூளான சுருளை எவராலும் மீண்டும் எடுக்க முடியாது. இக்கொள்கை அவருடைய எழுத்திலும் விளங்கிற்று. 1943ஆம் ஆண்டு தொடங்கிய ‘குமரி மலர்’ என்னும் மாத வெளியீட்டைத் தாம் மறைந்த 1983ஆம் ஆண்டு வரை நடத்தி, பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளை அதிலே மீண்டும் அச்சிட்டார். 1968இல் அவர் வெளியிட்ட ‘தமிழ்நாடு’ என்னும் பெருந்தொகுப்பு, பலர் நூறாண்டுகளில் எழுதிய பயணக் கட்டுரைகளைக் கொண்டது. உலகமெல்லாம் சுற்றியவர், தம் ஊரைப் பற்றிப் பிறர் எழுதியதை அவ்வளவு பொறுமையாகத் தேடியிருக்கிறார்.

மாணவ நண்பர்களே, நம்முள் ஒவ்வொருவர் கையிலும் இன்று காமிரா இருக்கின்றது. கைப்பேசி அதனைத் தந்துவிட்டது. விடுமுறைக்குப் போன இடமெல்லாம் நூற்றுக்கணக்கில் எடுக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய படத்தை எடுத்து, “இவர் யார்? எந்த ஆண்டு? எந்த இடம்?” என்று பாட்டியாரைக் கேட்டதுண்டா? 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது கூரைகள் பறந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூரை பறந்த வீட்டில் நனைந்து ஒட்டிப்போன திருமணப் படத்தைக் கணக்கெடுக்க எந்த அதிகாரியும் வருவதில்லை. வீடு மறுபடி எழும், படம் எழாது.

செய்ய வேண்டியது பெரிதன்று. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுக. மையால் எழுதினால் ஊறி முன்புறம் தெரியும். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும். ஈரம் படாத பெட்டியில் காகித உறையிட்டு வைக்க. ஈரச்சுவர் ஓரத்தில் வைக்கற்க. பிரதியொன்று எடுத்து வேறொரு வீட்டில் வைக்க. ஒரே கிடங்கில் அனைத்தையும் வைத்தவர் அடைந்த கதியை மேலே கண்டோம். ஆலைவாயிலில் கரும்பு வண்டிகள் நின்ற வரிசையோ, கெடிலத்தில் வெள்ளம் வந்த நாளோ, கடல் கடந்து போன உறவினர் அனுப்பிய பழங்கடிதத்தோடு வந்த சிறு படமோ எவர் வீட்டிலேனும் இருக்கும். லட்சம் மைல் வேண்டா. அடுத்த தெரு வரை நடந்தால் போதும். கேட்பவர் வந்தார் என்பதற்காகவே திறக்கக் காத்திருக்கும் பெட்டிகள் நம் ஊரிற் பல உள. அவற்றைத் திறந்து பெயர் சொல்ல வல்ல முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.