பச்சை விளக்கை மட்டும் நம்பலாமா?

ரயிலே இல்லாத அந்தமானில் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளனுக்கு என்ன வேலை என்கிறீர்களா? விடுமுறைக்குக் கப்பலேறிச் சென்னை செல்லும் நம் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை.

தண்டவாளப் பாயிண்ட் பூட்டிக்கொள்ளாமல் கைகாட்டி இறங்காது, இதுவே இன்டர்லாக்கிங். பொழுதுபோக்குப் பூங்காவிலும் அதே தத்துவம்தான்: இருக்கைத் தடுப்பு மூடினால்தான் பச்சை விளக்கு எரியவேண்டும்.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், கோபுர ராட்டினம் ஒன்றின் இருக்கைச் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். வழக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு இடைவெளி இருந்தும் விளக்கு எரிந்தது. 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான்.

2013இல் டெக்சாஸில் ரோலர் கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்த பிறகே, மடித்தடுப்போடு இடுப்பு பெல்ட்டும் சேர்த்தார்கள்.

தடுப்பை நீங்களே இழுத்துப் பாருங்கள். உடம்போடு படியவில்லையா, இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்!