பழைய காரின் இன்ஜின் மக்கர் பண்ணுதா? ரிப்பேர் பண்ணலாமா, விற்றுடலாமா? போடி மலைப்பாதை சொல்லும் கணக்கு!

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் விடிவதற்குள் ஜீப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு வழியாகக் கேரள எல்லைக்குள் நுழையும் வண்டிகள் அவை. இதே சாலையில் 10, 15 வருடப் பழைய கார்களும் தினமும் ஏறி இறங்குகின்றன.

ஒருநாள் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, புகை கக்குகிறது. "இன்ஜினை இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். செலவு செய்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை இதோ.

முதலில், கோளாறு இன்ஜினில்தானா?

போடிமெட்டு கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கும் மேலே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் இழுவையை இழக்கும். ஆக, ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் மந்தமாவது இயல்புதான்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடவில்லையா? அது பெரும்பாலும் கிளட்ச் தேய்மானம். அடைபட்ட ஏர் ஃபில்டரும் இதே போல இழுவையைக் குறைக்கும். இதற்கெல்லாம் இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

புகையின் நிறம் என்ன சொல்லும்?

* கருப்பு: எரிபொருள் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பார்க்கணும். பெரும்பாலும் சிறிய செலவு.
* நீலம்: இன்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து நின்றால் வால்வு சீல் பிரச்சினையாக இருக்கலாம். ஏற்றம் முழுக்க வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானம். இது பெரிய செலவு.
* நிற்காத வெள்ளை: கூலண்ட் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருக்கா? ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதே நல்லது.

இவற்றை உறுதிப்படுத்த 'கம்ப்ரஷன் டெஸ்ட்' இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று இது காட்டிவிடும். இந்த அளவு கைக்கு வராமல் பெரிய வேலைக்குத் தலையாட்ட வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய 3 தொகைகள்

1. ரிப்பேருக்கு எழுத்தில் தந்த எஸ்டிமேட்
2. சரிசெய்த பிறகு வண்டியின் சந்தை விலை
3. இப்போது இருக்கும் நிலையிலேயே விற்றால் கிடைக்கும் விலை

உதாரணமாக, ஓடும் நிலையில் 1.5 லட்சம், ஓடாத நிலையில் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1 லட்சம். ரிப்பேர் 60,000 ரூபாயில் முடிந்தால், விற்க நினைப்பவருக்குக் கூட லாபம்தான்.

அதே ரிப்பேர் 1.2 லட்சம் என்றால்? விற்பதற்காகச் செய்தால் நஷ்டம். ஆனால் இன்னும் 3 வருடம் நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால், மாதத்துக்குச் சுமார் 3,300 ரூபாய்தான் வருகிறது. அதை, வேறு கார் வாங்கினால் கட்ட வேண்டிய மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு நிபந்தனை: பாடியும் சேஸிஸும் துருப்பிடிக்காமல் இருக்கணும். பிரேக், ஸ்டியரிங், கியர் பாக்ஸும் அடுத்தடுத்து செலவு வைக்கும் என்றால், 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' கதைதான்.

ஆர்.சி. புக்கைப் பார்த்தீங்களா?

தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் இது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. வாடகை வண்டி என்றால், 8 ஆண்டுகளுக்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. எடுக்கணும்.

ஆகவே 14 வயதுக் காருக்கு இன்ஜின் வேலை பார்க்கும் முன், அடுத்த வருடச் செலவையும் கணக்கில் சேருங்கள். பழைய இன்ஜின் வாங்கி மாற்றுவதாக இருந்தால் பில்லைக் கேட்டு வாங்குங்கள். புதிய இன்ஜின் எண்ணை ஆர்டிஓ ஆபீஸில் ஆர்.சி.யில் பதிவு செய்வதும் கட்டாயம். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரும்.

ரிப்பேரே வேண்டாம் என்றால்?

பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்கும்போது, தனிநபர் வாகனத்துக்கு 25 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை தர மத்திய அரசு விதி வழிசெய்கிறது.

மலையில் ஓட்டுபவர்கள் மறக்கக் கூடாதது

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்றுங்கள். உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கவில்லை என்றால் பாதி ஏற்றத்திலேயே இன்ஜின் சூடேறும். சூடான மூடியை உடனே திறக்கவும் கூடாது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக்குக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் உதவி நின்றுவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்.

நடுவழியில் அணைந்துவிடும் இன்ஜின், சமவெளியில் வெறும் தொந்தரவு. கொண்டை ஊசி வளைவில் அது உயிர்ப் பிரச்சினை. ரிப்பேரா, விற்பனையா என்று முடிவாகும் வரை அந்த வண்டியை மலையில் ஏற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.